என் தொடையிலிருந்த ஷெல் துண்டு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: நான் ஒரு முட்டாள். சாதாரண முட்டாள் என்றால் மன்னித்துவிடலாம். நான் உழைத்து முன்னேறிய முட்டாள். ஒரு சின்னப் பொய்யைச் சொல்லி, இருபத்தேழு வருடம் அதற்குத் தண்ணீர் ஊற்றிப் பசளை போட்டு வளர்த்து, கடைசியில் அந்த மரத்தின் உச்சியில் ஏறிக்கொண்டு இறங்க வழி தெரியாமல் தவித்தவன். அந்தத் தவிப்பை ஒரு வைத்தியசாலையில், அரைக் காற்சட்டையோடு, எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்கு முன்னால் நின்று அனுபவித்தவன்.

பொய் இதுதான்: என் வலது தொடையில், முழங்காலுக்கு நாலு விரல் மேலே வெளிப்பக்கமாக இருக்கும் தழும்பு ஊரில், சண்டைக் காலத்தில், ஷெல் குண்டு பட்ட காயம்; அந்த ஷெல்லின் துண்டொன்று இன்னும் உள்ளே இருக்கிறது.

உண்மை இதுதான்: அது பீட்ரூட் போத்தல்.

டென்மார்க்குக்கு வந்த முதல் குளிர்காலம். ஸ்கீவ என்ற சிறு நகரத்தில், அகதிகளுக்கென்று தந்த ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தோம். அன்று சமையல் முறை என்னுடையது. பீட்ரூட் வாங்கச் சைக்கிளில் போனேன். கடையில் தோல் சீவி, வட்டம் வட்டமாக வெட்டி, அவித்து, கண்ணாடிப் போத்தலில் அடைத்தே வைத்திருந்தார்கள். பீட்ரூட்டைக்கூட அவித்துத் தருகிற நாட்டுக்கு வந்திருக்கிறோமே என்று மனம் குளிர்ந்து இரண்டு போத்தல் வாங்கினேன். முழங்கால்வரை நீண்ட ஜக்கெற்றின் இரண்டு பொக்கற்றிலும் ஒவ்வொன்று. (அது வினாகிரியும் சீனியும் விட்டு ஊறவைத்தது, டெனிஷ்காரர் பாணில் ஈரல் பசை பூசி அதன்மேல் வைத்துச் சாப்பிடுவது என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. உடையாமல் தப்பிய மற்றப் போத்தலைத் தேங்காய்ப்பால் விட்டுக் கறிவைத்தேன். மூன்று பேரும் சேர்ந்து எனக்கு ஒரு மாதம் சமையலிலிருந்து விடுமுறை தந்தார்கள்.)

வீதி முழுக்கக் கண்ணாடி மாதிரிப் பனி உறைந்திருந்தது. அதன்மேல் சைக்கிள் ஓடக்கூடாது என்று எனக்குச் சொல்ல ஆளில்லை. வளைவில் திரும்பினேன், சைக்கிள் திரும்பவில்லை. வலது பக்கமாக, வலது பொக்கற்றின்மேல் விழுந்தேன். எழுந்து பார்த்தால் வெள்ளைப் பனியில் இரண்டு மீற்றர் நீளத்துக்குச் சிவப்பு. அதில் எனது எவ்வளவு, பீட்ரூட்டினது எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. நாயோடு நடந்துவந்த ஒரு டெனிஷ் அம்மா அதைப் பார்த்து, நான் பிழைக்கமாட்டேன் என்று முடிவுகட்டி, என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ செபம் சொல்லத் தொடங்கிவிட்டார். அம்புலன்ஸ் வந்தது. வைத்தியர் காயத்தை முகர்ந்து பார்த்தார். (உலகத்தில் எத்தனை பேரின் காயத்தை வைத்தியர் முகர்ந்து பார்த்திருப்பார்?) ஒரு மணித்தியாலம் கண்ணாடி பொறுக்கி, எல்லாம் எடுத்தாயிற்று என்று சொல்லி, ஏழு தையல் போட்டு அனுப்பினார்.

இது பீட்ரூட்டாகவே இருந்திருக்கலாம். ஒரு கலியாணப் பேச்சு வந்து கெடுத்தது.

பெண் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தாள். பெயர் சுகந்தி. யாழ்ப்பாணத்திலிருந்து ஐந்து முறை இடம்பெயர்ந்து கொழும்புவரை வந்து சேர்ந்திருந்த குடும்பம். என் படம் ஒன்று கேட்டார்கள். கோட்டுப் போட்டு ஸ்ரூடியோவில் எடுத்து அனுப்பியிருக்கவேண்டும். நானோ, கடற்கரையில் அரைக் காற்சட்டையோடு நிற்கிற படத்தை அனுப்பினேன். வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் பின்னால் கடல் தெரியவேண்டும் என்பது அந்நாளைய என் கொள்கை. முதல்முறை தொலைபேசியில் பேசியபோது, நான் பாடமாக்கி வைத்திருந்த கேள்விகள் எதையும் அவள் கேட்கவில்லை. எடுத்த எடுப்பில்,

"காலில என்ன காயம்?" என்றாள்.

சைக்கிளால் விழுந்தேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது வயது இருபத்தெட்டு, படிப்பு அரைகுறை, வேலை மீன் தொழிற்சாலையில், தலைமயிரும் மெல்ல விடைபெற்றுக்கொண்டிருந்தது. என்னிடம் எடுப்பாக இருந்த ஒரே பொருள் அந்தத் தழும்புதான். வாய் முந்திக்கொண்டது.

"அது... ஷெல் பட்டது."

மறுமுனையில் பேச்சே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பிறகு, "ஓ" என்று ஒரு சின்னக் குரல் வந்தது. அந்த மௌனத்தை நான் மரியாதை என்று விளங்கிக்கொண்டேன். மூன்று மாதம் கழித்துச் சம்மதம் வந்தபோது, தழும்பைத் தடவிப் பார்த்து நன்றி சொன்னேன்.

அதன்பிறகு அந்தப் பொய் தானாக வளர்ந்தது. காயம் மட்டும் என்றிருந்தது, கலியாணத்துக்குப் பிறகு உள்ளே ஒரு துண்டும் இருக்கிறது என்றாயிற்று. ஆரம்பத்தில் அது கடுகளவு. மகள் ஆரணி பிறந்தபோது பயறளவு. பிராண்டே என்ற ஊரில் வீடு வாங்கிய வருடம் புளியங்கொட்டை அளவுக்கு வந்துவிட்டது. வீடு வாங்கிய பிறகுதான் அதன் பயனும் முழுதாக விளங்கியது. டென்மார்க்கில் வீட்டுக்காரர்தான் தன் வீட்டுக்கு முன்னாலுள்ள நடைபாதையில் பனி தள்ளவேண்டும். பனி கொட்டப்போகிறது என்று வானொலியில் கேட்டதும் நான் தொடையைப் பிடித்துக்கொள்வேன்.

"ஷெல் குத்துது. நாளைக்கு ஸ்னோ கொட்டப்போகுது போல."

மறுநாள் கொட்டும். என் தொடை சொன்னது பலித்ததை ஆரணி வியந்து பார்ப்பாள். சுகந்தி சப்பாத்தைப் போட்டுக்கொண்டு பனி தள்ளும் சவலோடு வெளியே போவாள். நான் ஜன்னலருகே இருந்து, அணிவகுப்பைப் பார்வையிடும் இராணுவத் தளபதி மாதிரி கையசைப்பேன். இப்படியே எத்தனையோ குளிர்காலம்.

விருந்தினர் வந்தால் கதை இன்னும் விரியும். பதுங்குகுழி, புகை, என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிய ஒரு நண்பன் (அப்படி ஒருவன் இல்லை) எல்லாம் வரும். கதை தொடங்கினால் சுகந்தி எழுந்து தேத்தண்ணி போடப் போய்விடுவாள். தாங்கமுடியாமல் போகிறாள் பாவம் என்று நினைத்துக் குரலை இன்னும் கொஞ்சம் உயர்த்துவேன். ஆரணி ஒன்பதாம் வகுப்பில் பாடசாலைச் செயற்திட்டத்துக்கு 'என் அப்பாவின் காலுக்குள் ஒரு போர்' என்று எழுதி, இந்த நாட்டில் கொடுக்கக்கூடிய அதிகூடிய புள்ளியான பன்னிரண்டை வாங்கிவந்தாள். ஆசிரியை என்னைப் பெற்றோர் கூட்டத்தில் கண்டு கண்கலங்கினார். நானும் கலங்கினேன். வேறு என்ன செய்வது?

இங்கே எங்கள் ஆட்களுக்குள் உண்மையாகவே துண்டு சுமக்கிறவர்கள் உண்டு. இப்போது என்னோடு மின்சாரக் காற்றாடிக்கு இறகு செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர் சாப்பாட்டு நேரத்தில் காலை எப்போதும் ஒரு பெட்டிமேல் உயர்த்தித்தான் வைத்திருப்பார். என்ன அண்ணை என்றால், "ஒண்டுமில்லை, சும்மா" என்பார். அவர் ஒருநாளும் கதை சொன்னதில்லை. அவர் இருக்கிற இடத்தில் நானும் சொன்னதில்லை. அவ்வளவு வெட்கமாவது என்னிடம் இருந்தது என்பதை என் கணக்கில் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

போன கோடையில் தமிழர் விளையாட்டுப் போட்டியில் கரப்பந்து. ஐம்பத்தைந்து வயதில் துள்ளி அடிக்கக்கூடாது என்று என் மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. துள்ளினேன். இறங்கும்போது முழங்கால் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். இரண்டு மாதமாகியும் வீக்கம் வற்றவில்லை. எலும்பு வைத்தியர், வைத்தியசாலைக்குப் புதிதாக வந்திருக்கும் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் படம் எடுக்கவேண்டும் என்றார். சாதாரணப் படம் அல்லவாம். குருத்தெலும்பில் எங்கெங்கே எவ்வளவு நீர் இருக்கிறது, எலும்பின் உள்ளே நசிவு உண்டா, தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று அளந்து, நிறம் போட்டுக் காட்டுமாம். அதைப் பார்த்துத்தான் வெட்டுவதா, பயிற்சியோடு விடுவதா என்று முடிவெடுப்பார்கள்.

படம் எடுக்கமுன் ஒரு படிவம் நிரப்பவேண்டும். ஆரணி இப்போது பிரெடெரிசியா நகரில், பயிற்சியால் உடம்பைத் தேற்றும் இயன்மருத்துவர். வார இறுதிக்கு வீட்டுக்கு வந்திருந்தவள், சமையலறை மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு கேள்விகளை டெனிஷில் வாசித்தாள்.

"இதயத்தில் பேஸ்மேக்கர்?"

"இல்லை."

"காதுக்குள் கருவி?"

"காது கேக்காது. ஆனா கருவி இல்லை எண்டு போடு," என்றாள் அடுப்படியில் நின்ற சுகந்தி.

அடுத்த கேள்வியை ஆரணி வாசிக்கவே இல்லை. 'ஆம்' என்பதில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"இப்ப என்ன அமத்தினனீ?"

"உடம்பில் உலோகத் துண்டு. வெடி, துப்பாக்கி, அந்த மாதிரி."

"பொறு, பொறு. அது சின்னத் துண்டுதானே. உதையெல்லாம் எழுதத் தேவையில்லை."

"அப்பா, அது காந்தம்," என்றாள், ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொல்வது போல. "சின்னத் துண்டுதான் ஆபத்து. உள்ளே திரும்பினால் நரம்பை வெட்டும். சூடாகும்."

"எழுது பிள்ளை," என்றாள் சுகந்தி. "உந்தாளுக்குத் தன்ர உயிரே சின்னனாத்தான் தெரியும்."

அதுதான் உண்மை சொல்ல வாய்த்த முதல் தருணம். ஒருபக்கம் பன்னிரண்டு புள்ளி வாங்கிய மகள், மறுபக்கம் என் உயிருக்காகக் கவலைப்படுகிற மனைவி. நான் வாயைத் திறந்தேன். "கறிக்கு உப்புக் காணுமோ?" என்று கேட்டு மூடினேன். அளவு என்ன என்ற கட்டத்தில், டெனிஷில் புளியங்கொட்டைக்குச் சொல் இல்லாததால், 'பெரிய அவரை விதை' என்று எழுதினாள் ஆரணி.

இரண்டாம் நாள் வைத்தியசாலையிலிருந்து அழைப்பு. ஒரு மணித்தியாலம் முந்தி வரவேண்டும், முதலில் எக்ஸ்ரே எடுத்துத் துண்டு எங்கே என்று பார்க்கவேண்டும், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ.யை நிறுத்திவிடுவோம் என்றார்கள். எக்ஸ்ரேயில் வெறும் தொடைதான் தெரியும் என்பது எனக்குத் தெரியும். அன்றிலிருந்து நான் சாப்பிட்டது ருசிக்கவில்லை.

அந்த நாளில் சுகந்திதான் கார் ஓடினாள். ஆரணி லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள், புது இயந்திரத்தைப் பார்க்கிற ஆசையில். அவர்களைக் காத்திருக்கும் அறையில் இருத்திவிட்டு, பிரிட்டா என்ற படமெடுக்கும் அலுவலர் என்னை உடைமாற்றும் அறைக்குக் கூட்டிப்போனார். கதவு மூடியது. தனியே அகப்பட்டார். எல்லாவற்றையும் இவரிடம் சொல்லி, எக்ஸ்ரேயே இல்லாமல் கதையை முடித்துவிடலாம் என்று திட்டம் போட்டிருந்தேன். என் டெனிஷைத் தாழ்ந்த குரலில் எடுத்தேன்.

"படிவத்தில் ஒரு பிழை. எனக்குள் துண்டு ஒன்றும் இல்லை."

"எடுத்துவிட்டார்களா?"

"இல்லை. இருந்ததே இல்லை."

பிரிட்டா தாளைப் பார்த்தார். "உங்கள் மகள் இடம், அளவு எல்லாம் எழுதியிருக்கிறாரே."

"அது நான் மகளுக்குச் சொன்னது."

"மனைவிக்கு?"

"அவருக்கும் அதேதான் சொன்னேன்."

"அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் வேறு மாதிரிச் சொல்கிறீர்கள்?"

"உங்களுக்குச் சொல்வதுதான் உண்மை. எக்ஸ்ரே தேவையில்லை."

அவர் என்னைப் பரிவோடு பார்த்தார். "ஒருமுறை 'ஆம்' என்று எழுதினால், 'இல்லை' என்பதை நீங்கள் சொல்ல முடியாது. படம்தான் சொல்லவேண்டும். அது இங்கே விதி." பிறகு தாளில் ஒரு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன்: 'நோயாளி தரும் தகவல் நிச்சயமற்றது.' என்னைப் பற்றி இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை.

எக்ஸ்ரே எடுக்க இரண்டு நிமிடம். காத்திருக்கும் அறையில் சுகந்திக்கும் ஆரணிக்கும் நடுவில் வந்து இருந்தேன். இன்னும் சில நிமிடத்தில் பிரிட்டா வந்து, ஒன்றுமில்லை என்று சொல்லப்போகிறார். துண்டு கரைந்துவிட்டது என்று சொல்லலாமா? இரும்பு கரையுமா? வியர்வையோடு போயிருக்குமா? இயன்மருத்துவரான மகளுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, இரும்பு வியர்வையோடு போகுமா என்று யோசித்த ஒரே மனிதன் நானாகத்தான் இருக்கும்.

கதவு திறந்தது. பிரிட்டா நேரே என்னிடம் வந்து, குனிந்து, என் கைமேல் தன் கையை வைத்தார்.

"இருக்கிறது," என்றார் மெல்ல. "நீங்கள் சொன்ன அதே இடத்தில்."

"எது?" என்று கேட்டது நான்.

"துண்டு." பிறகு சுகந்தியின் பக்கம் திரும்பினார். "உள்ளே உங்கள் கணவர் என்னிடம் ஒன்றுமே இல்லை என்றார். போரிலிருந்து வந்தவர்கள் சிலர் அப்படித்தான், நினைக்கவே விரும்பமாட்டார்கள். அவசரமில்லை. கோப்பி கொண்டுவரட்டுமா?"

ஆரணியின் கண்ணில் நீர். சுகந்தி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அந்த இடத்தில் ஒரு மனிதன் என்ன செய்திருக்கவேண்டும்? நான் செய்தது இது: கண்ணைத் தாழ்த்தி, ஒரு பெருமூச்சு விட்டு, "பால் விடாமல்" என்றேன்.

கோப்பி பாதி குடிப்பதற்குள், படத்தை வாசிக்கும் வைத்தியர், ஒரு இளம் பெண், வந்து சேர்ந்தார். துண்டின் நிழல் மங்கலாக இருக்கிறது, உலோகம் என்றால் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும், இது கண்ணாடி போல இருக்கிறது, காந்தத்தால் ஆபத்தில்லை, எம்.ஆர்.ஐ. எடுக்கலாம் என்றார். "கண்ணாடியால் எப்போதாவது வெட்டுப்பட்டதா?"

அப்போதுதான் என் மண்டைக்குள் அந்தப் பழைய போத்தல் உடைகிற சத்தம் கேட்டது. எல்லாம் எடுத்தாயிற்று என்று சொல்லி அனுப்பிய தையல். உண்மை சொல்ல வாய்த்த மூன்றாம் தருணம். (மூன்றா, நாலா? எண்ணி முடியவில்லை.)

"ஷெல் விழேக்க பக்கத்து வீட்டு யன்னல் கண்ணாடி வெடிச்சது," என்றேன் தமிழில், சுகந்தியைப் பார்த்து. "அதாத்தான் இருக்கும்."

"பக்கத்து வீட்டு யன்னல் வந்து உங்கட தொடையில ஏறினதோ?"

"ஷெல் எண்டா அப்பிடித்தான்." ஆரணி யன்னல் கதையை டெனிஷில் சொல்ல, வைத்தியர் அதைக் குறித்துக்கொண்டார்.

சுகந்தி கைப்பையின் சிப்பை மூடினாள். "ஷெல் எப்பிடியெண்டு எனக்குச் சொல்லித் தாறீங்கள்," என்றாள். அதில் கேள்வி இல்லை.

எம்.ஆர்.ஐ. அறையில் என்னைப் படுக்கவைத்து, முழங்காலைப் பிளாஸ்ரிக் கூடு ஒன்றுக்குள் செருகி, இடுக்கில் பஞ்சணை திணித்து, காதுக்கு ஹெட்போன் போட்டு, காலை முன்னுக்கு விட்டு உள்ளே தள்ளினார்கள். தலை வெளியே. ஹெட்போனில் டெனிஷ் காதல் பாட்டு. நாற்பது நிமிடம் அசையக்கூடாது என்றார் பிரிட்டா. அசைந்தால் படம் கலங்கும், முதலிலிருந்து தொடங்கவேண்டும். இயந்திரம் தட்டத் தொடங்கியது. அரிசி ஆலையும் றோட்டுப் போடுகிற மெசினும் கலியாணம் செய்துகொண்ட மாதிரி ஒரு சத்தம். மூக்கு அரித்தது. இந்த வயதில் என்னை நாற்பது நிமிடம் ஒரே இடத்தில் என்னோடு விட்டுவைத்தது அதுதான் முதல்தடவை. பனி தள்ளிக்கொண்டு நிற்கும் சுகந்தியின் முதுகு நினைவுக்கு வந்தது. தேத்தண்ணி போடப் போகிறவளின் முதுகும் வந்தது. அவளுடைய முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன் போல. வெளியே போனதும் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன் என்று, பாட்டுக்கும் தட்டலுக்கும் நடுவில், உறுதியாக முடிவெடுத்தேன்.

வெளியே வந்தேன். சுகந்தி எழுந்து நின்றாள்.

"என்னப்பா, எப்பிடி?"

"பசிக்குது," என்றேன்.

இரண்டு கிழமை கழித்து எலும்பு வைத்தியரிடம் மூன்று பேரும் போனோம். உயரமான, கலகலப்பான மனிதர். தன் வேலையில் இவ்வளவு ஆசையுள்ள ஒருவரை நான் கண்டதில்லை. அன்றுமட்டும் அந்த ஆசை கொஞ்சம் குறைவாக இருந்திருக்கலாம். பெரிய திரையில் என் முழங்காலைப் பாண் துண்டு துண்டாக வெட்டுவது போல உருட்டிக் காட்டினார். பிறகு நிறம் போட்டார். குருத்தெலும்பு முழுக்கப் பச்சையும் நீலமும். ஓரிடத்தில் மட்டும் செம்மஞ்சள் திட்டு. வயதுக்கு நல்ல குருத்தெலும்பு, மெனிஸ்கஸ் என்ற சவ்வில் சிறு கிழிசல், எலும்புக்குள் நசிவு ஆறிக்கொண்டு வருகிறது, வெட்டத் தேவையில்லை என்றார். நான் எழுந்தேன், போகலாம் என்று.

"இருங்கள், இன்னும் இருக்கிறது," என்றார். "தொடைத் தசையைப் பாருங்கள். இந்த வெள்ளைக் கீற்றுகள் எல்லாம் கொழுப்பு. இந்தத் தொடை அதிகம் வேலை செய்ததாகத் தெரியவில்லை."

சுகந்தி தலையாட்டினாள்.

"இனி, சுவாரசியமான விடயம்." திரையில் தோலுக்குக் கீழே, தசைக்கு வெளியே, ஒரு சின்னக் கறுப்பு. "உலோகம் என்றால் சுற்றிவர எல்லாவற்றையும் விழுங்கின மாதிரி ஒரு பெரிய கறுப்பு ஓட்டை தெரியும். இது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, பாருங்கள். புது இயந்திரம் அல்லவா?" அதைப் பெருப்பித்தார். சுற்றிக் காட்டினார். கறுப்பு ஒரு பக்கம் வளைந்திருந்தது. வளைவின் வெளிப்புறத்தில் அடுத்தடுத்து மூன்று வரம்பு.

"யன்னல் கண்ணாடி தட்டையாகத்தானே இருக்கும்?" என்றார் வைத்தியர், மகிழ்ச்சியோடு. "இது வளைவு. இந்த வரம்பு மூடி திருகும் இடம். இது ஒரு போத்தலின் வாய். சாப்பாட்டுப் போத்தல் என்றுதான் நினைக்கிறேன். எங்கே விழுந்தீர்கள்?"

பிரிட்டா சொன்னது சரி. படம்தான் சொல்லவேண்டும்.

"ஸ்கீவவில்," என்றேன்.

"என்ன போத்தல்?"

"பீட்ரூட்."

வைத்தியர் அதையும் தட்டச்சு செய்தார். ஆரணி என் பக்கம் மெல்லத் திரும்பினாள். வழக்கமாக டெனிஷில் பதில் சொல்கிறவள், அன்று சுத்தத் தமிழில் கேட்டாள்:

"அப்பா, ஸ்கீவவில ஆர் ஷெல் அடிச்சது?"

சொன்னேன். பனி, சைக்கிள், நாயோடு வந்த அம்மா, ஏழு தையல் என்று எல்லாவற்றையும், பாதி டெனிஷ் பாதி தமிழில், சிவந்த முகத்தோடு. இருபத்தேழு வருடத்துக் கதையை முடிக்க மூன்று நிமிடம் போதுமாக இருந்தது. வைத்தியர் சிரிக்காமலிருக்க மேசையிலிருந்த பிளாஸ்ரிக் முழங்காலைக் கையில் எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆரணி, "என் பன்னிரண்டை நான் திருப்பிக் கொடுக்கவேண்டும்," என்று தன் டெனிஷுக்குத் திரும்பிப் போய்விட்டாள்.

சுகந்தி வைத்தியரிடம் நிதானமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"இவர் ஸ்னோ தள்ளலாமா?"

"மூன்று மாதம் பயிற்சி செய்தால் தாராளமாக," என்றார் வைத்தியர். "அந்தத் தொடைக்கு மிகவும் நல்லது."

அவள் அதைக் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டாள்.

அதன் பிறகு எங்கள் வீட்டுச் சொல்வழக்கே மாறிவிட்டது. நான் எதையாவது கொஞ்சம் கூட்டிச் சொன்னால், "வினாகிரி மணக்குது" என்கிறாள் ஆரணி. என் பிறந்தநாளுக்கு ஒரு போத்தல் பீட்ரூட்டுக்கு நாடா கட்டிக் கொண்டுவந்தாள். அதன் மூடியில் 'கவனம், வெடிக்கும்' என்று எழுதியிருந்தது. தமிழ்ச் சங்கத்தில் செய்தி எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தெரியாது (தெரியும், சுகந்திதான்). கரப்பந்து அணியில் என்னைப் 'பீட்ரூட் அண்ணை' என்கிறார்கள். இந்தக் குளிர்காலத்தில் எங்கள் நடைபாதையைத் தள்ளியது நான். எதிர்வீட்டு டெனிஷ்காரர் வந்து, "உங்கள் மனைவிக்குச் சுகமில்லையா?" என்று அக்கறையோடு விசாரித்தார்.

எல்லாரும் சிரித்துத் தீர்த்துவிட்டார்கள். சுகந்தி மட்டும் அதைப் பற்றிக் கோபமாகவும் கதைக்கவில்லை, சிரித்தும் கதைக்கவில்லை. அது என்னை அரித்தது. இந்தப் பெண் என்னைக் கட்டியதே ஒரு பொய்யான தழும்பை நம்பித்தான். அது இல்லையென்றால் என்னிடம் பார்க்க வேறென்ன இருந்தது? ஒரு சனிக்கிழமை மத்தியானம், பயிற்சிக்காக என்னைக் காரில் கூட்டிப்போய்க்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன. துணிந்து தொடங்கினேன்.

"இஞ்சரும்."

"ம்."

"அண்டைக்கு ரெலிபோனில ஷெல் எண்டு சொன்னவுடன கனநேரம் பேசாமல் இருந்தனீர்."

"ஓம்."

"ஏன்?"

"நானே ஷெல்லடிக்குள்ள இருந்துதானே வந்தனான். போற வீட்டிலயும் அதோ எண்டு நினைச்சன்."

கொஞ்சத் தூரம் போனோம்.

"எண்டாலும் சுகந்தி, உள்ளதைச் சொல்லும். அந்த ஷெல் துண்டுக்காகத்தானே நீர் என்னைக் கட்டினனீர்?"

அவள் வீதியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது இருந்தும் கட்டினனான்."